பதினொன்றரை மணிக்கு ஜெகன் பேசுவான்

பதினொன்றரைக்குக் கூப்பிடுவாள், இப்போது பத்து ஐந்து, நெத்திலி இன்னும் முக்கால் கிலோ கிடக்கிறது, மகன் எழுந்திருக்கவில்லை. இதில் எது முதல் வேலை என்று கேட்டால் எந்தப் பைத்தியக்காரியும் மகனைத்தான் சொல்வாள், நான் நெத்திலியை முன்னால் கொட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். தலையைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், கிள்ளு, இழு, போடு, இதில் ஒரு சௌகரியம், கை நாறிக்கொண்டிருக்கும் வரைக்கும் போனைத் தொட வேண்டாம். போன் ஜன்னல் திட்டில் குப்புறக் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் வந்த மெசேஜ் அதற்குள் இருக்கிறது, பார்க்காமலே சொல்வேன். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு ஜெகன். பதினொன்றரைக்குக் கூப்பிடுதேன். வீடியோ எல்லாம் வேண்டாம், குரல் கேட்டாப் போதும். எழுபத்தி நாலு நாளா எழுத்தாவே இருக்கீங்க." எழுத்தாகவே இருக்கிறானாம். இருக்கிறான்தான், ஏனென்றால் எழுதியது நான். ஜெகன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் சுபாஷிணி எழுபத்து நாலு நாளாகப் பேசிக்கொண்டிருப்பது அவன் அம்மாவோடு, ஐம்பத்து மூன்று வயது, முட்டிவலி, எண்ணெய் குறைக்கச் சொல்லியிருக்கும் உடம்பு. ஜெகனுக்கு இப்படி ஒருத்தி பேசிக்கொண்டிருப்பதே தெரியாது. கிள்ளு, இழு, போடு. தெரியாமல் செய்த காரியம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, கான்வென்டில் படித்தவள், பொய் என்றால் என்ன என்று மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்தவள்.

ஆரம்பத்தில் அது வெறும் போன் நம்பர். கல்யாண வெப்சைட்டில் அவனுக்கு ஒரு பக்கம் திறந்தபோது மாப்பிள்ளையின் செல் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் நம்பரைப் போட்டால் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான், அவனுக்குப் போன் அடித்தால் வீட்டுக்குள் பாம்பு புகுந்த மாதிரி, அடித்து ஓயும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பான், ஓய்ந்த பிறகுதான் மூச்சு விடுவான். அதனால் என் நம்பரைப் போட்டேன். ஏல ஜெகா, எந்தப் போட்டோவைப் போடட்டும் என்று கேட்டதற்கு, என்னமோ செய்யும்மா என்றான், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல். செய்தேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் சமையல், பயணம் என்று போட்டேன். பயணம் என்றால் அறையிலிருந்து ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜிலிருந்து அறை. ரெண்டு மாதம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை, பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் இவள். "வணக்கம், நான் சுபாஷிணி, சங்கரன்கோவில். ஓசூர்ல மோட்டார் பாகம் செய்யுற கம்பெனில தரம் பாக்கிற வேலை. சமையல்னு போட்டிருக்கீங்களே, நெசமாவா?" அந்த நெசமாவாவில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பொய்யைக் கையோடு பிடித்துவிட்டாள், இவள்தான் இந்த வீட்டுக்குச் சரி. ஓடிப்போய் அவன் கதவைத் தட்டினேன், ஒரு பொண்ணு மெசேஜ் போட்டிருக்கா, வந்து பாரு. அப்புறம் பாக்கேம்மா. அப்புறம் என்றால் எப்போது என்று இந்த வீட்டில் எந்தக் கடிகாரத்துக்கும் தெரியாது. பத்து நிமிஷம் பொறுத்தேன். பத்து நிமிஷம் எனக்கு அதிகம், ரயில்வே கேட் போட்டிருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் குனிந்து போகிற ரகம் நான். நானே தட்டினேன்: "முட்டை மட்டும். அதுவும் ஓடு விழாம உடைக்க இன்னும் வரல." சத்தியமான வார்த்தை, அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். நான் ஜெகனின் அம்மா என்று ஒரு வரி முன்னால் சேர்த்திருந்தால் இன்றைக்கு இந்த நெத்திலி நிம்மதியாக வறுபட்டிருக்கும். சேர்க்கத்தான் போனேன், அதற்குள் அவளிடமிருந்து சிரிப்பு வந்துவிட்டது, மூன்று மஞ்சள் முகம் கண்ணீர் வரச் சிரிக்கிறது, அதற்கப்புறம் அம்மா என்று போய் நடுவில் நிற்க மனசு வரவில்லை. நாளைக்கு அவனிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், நான் சொல்கிற நாளைக்கும் அவனுடைய அப்புறம் மாதிரிதான் என்று இப்போது தெரிகிறது.

ஆவணி வந்தால் இருபத்தொன்பது முடிகிறது. இன்ஜினியரிங் முடித்தான், சென்னையில் பதினாலு மாதம் வேலை பார்த்தான், கொரோனா வந்ததும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன் என்று ஒரு தோள்பையோடு வந்து இறங்கினான், அந்த ரெண்டு வாரம் ஐந்து வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. இடையில் ஒரு கோச்சிங், ஒரு ஆன்லைன் கோர்ஸ், சிநேகிதன் ஒருத்தனுக்கு வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை எட்டு மாதம், சிநேகிதன் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனான், அதுவும் நின்றது. பையன் என்ன செய்யுதான் என்று நாத்தனார் கேட்டால் வீட்ல இருந்தே வேலை என்பேன், கொரோனா என்னைப் போன்ற அம்மாக்களுக்கு விட்டுப்போன ஒரே உபகாரம் அந்த வாக்கியம். போன வாரம் பேப்பரோடு வந்த ஞாயிறு மலரில் ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார், இந்தக் காலத்து இருபத்தைந்து என்பது பழைய பதினெட்டு, முப்பது வரைக்கும் பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள் என்று. சரிங்க டாக்டர், அப்படியே என் ஐம்பத்து மூன்றிலும் ஒரு ஏழெட்டைத் தள்ளுபடி செய்து தாருங்கள், இந்த மருந்துச் சீட்டையும் கிழித்துப் போடுங்கள். சோம்பேறி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி, திட்டலாம், தட்டைத் தூக்கி எறியலாம். சோம்பேறி இல்லை. மிக்ஸி நின்றுபோன அன்றைக்குப் பேப்பரை விரித்து ஒவ்வொரு திருகாணியையும் வரிசையாக வைத்து மூன்று மணி நேரம் குனிந்தே கிடந்தான், ஓட வைத்தான், ஓடியதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, சின்னப் பிள்ளையில் பார்த்தது. நான் என்ன சொன்னேன்? இந்த அக்கறைய வேலை தேடுறதுல காட்டியிருந்தா என்னைக்கோ உருப்பட்டிருப்ப. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, முகம் நின்றுவிட்டது. ஏன் சொன்னேன், வாயில் வந்தது, சொன்னேன். என் வாயில் வருவதற்கும் வெளியே விழுவதற்கும் நடுவில் வாசற்படி கிடையாது.

போன் அடிக்கிறது. ஐயோ, பத்து நாற்பதுதானே ஆகிறது, பதினொன்றரை என்றாளே. எழுந்திருக்கையில் முட்டி பிடித்துக்கொண்டது, மீன் கையோடு புறங்கையால் தள்ளித் திருப்பிப் பார்த்தால் இவர். "ஏ கலா, இங்க சாப்பாடு போட்டாச்சு. பன்னீர் பட்டர் மசாலால்லாம் இருக்கு. அவனுக்கு ஒரு டப்பால வாங்கிட்டு வரவா?" பால்துரை, என் வீட்டுக்காரர், கப்பல் ஏஜென்சியில் முப்பத்திரண்டு வருஷம், கூட வேலை பார்க்கிறவருடைய புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருக்கிறார். வீடு கட்டியது அந்த மனுஷருடைய மகன், இருபத்தாறு வயது. அதனால்தான் நான் போகவில்லை, முதுகுவலி என்று சொல்லியனுப்பினேன். "பால்காய்ப்பு வீட்ல போய் டப்பால கட்டிக்கிட்டு வருவேளா? மானம் போவும். நெத்திலி வாங்கியிருக்கேன்." "இல்ல, அவனுக்குப் பன்னீர் பிடிக்குமேன்னு..." அவனுக்கு. அவன். பேரைச் சொல்லி எத்தனை நாளாகிறது இந்த மனுஷர்? சாப்பிட்டானா, எந்திரிச்சானா, குளிச்சானா, எல்லாம் என்னிடம்தான் கேட்பார், அடுத்த அறையில் இருக்கிறவனை ஊரில் இல்லாத ஒருத்தனை விசாரிக்கிற மாதிரி. "வாங்கிட்டு வாங்க" என்றேன். ஏன் அப்படி மாறினேன் தெரியவில்லை. அந்தக் குரலில் என்னமோ இருந்தது, ஊர்க்கூட்டத்தில் நின்றுகொண்டு டப்பாவை மறைத்துப் பிடித்துக்கொண்டு மகனுக்குப் பன்னீர் வாங்கப் போகிற ஒரு அப்பாவின் குரல், அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். எனக்கு நிறையத் தெரியும் பாஷை. அதனால்தான் இந்தக் கூத்து.

உட்கார். கிள்ளு. எழுதுவது எனக்குப் புதிதில்லை, ஜெகனாக எழுதுவது அதைவிடப் பழசு. ஸ்கூல் லீவு லெட்டர், காலேஜ் விண்ணப்பம், ப்ராஜெக்ட் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றியுரை, அதில் என் அருமைப் பெற்றோருக்கு என்று என்னையே நான் புகழ்ந்திருக்கிறேன், சென்னை வேலையை விட்டபோது மேனேஜருக்கு மெயில்கூட நான்தான், அத்தனை மரியாதையான ராஜினாமாவை அந்த ஆபீஸ் பார்த்திருக்காது. பேங்கிலிருந்து கூப்பிட்டால் நான் அவன் அம்மா பேசுறேன், என்ன விஷயம் சொல்லுங்க. ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட பெண்ணிடம் குளிக்கிறான் என்று சொல்லிவிட்டு, அவன் படித்தது, பார்த்த வேலை எல்லாம் நானே ஒப்பித்தேன், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, ஆன்ட்டி நீங்களே வேலைக்கு வந்துடுங்களேன் என்றாள். அன்றைக்கு அதை எனக்குக் கிடைத்த பரிசு மாதிரி இவரிடம் சொன்னேன். எங்கே ஆரம்பித்தது இது? நாலு வயதில் எல்கேஜி சேர்க்கைக்கு நான் படித்த அதே கான்வென்டுக்குக் கூட்டிப்போனேன், என் டீச்சர் சிஸ்டர் பெர்னதெத்துதான் அப்போது ஹெட்மிஸ்ட்ரஸ், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து அவனிடம் பேர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். அவன் மேஜைக்குப் பின்னால் இருந்த மீன்தொட்டியைப் பார்த்தான். அதில் ஒரு கறுப்பு மீன். பார்த்துக்கொண்டே இருந்தான். உதடு அசைந்த மாதிரிதான் இருந்தது. ஒரு நொடி, ரெண்டு, மூன்று, நாலாவது நொடியில் எனக்கு உயிரே போய்விட்டது, ஜெகன், சிஸ்டர் என்றேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, நான் உன்னைக் கேட்கவில்லையே புஷ்பகலா என்றார், மெதுவாக, கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன். இன்னும் ஒரே ஒரு நொடி பொறுத்திருந்தால் சொல்லியிருப்பானா? எத்தனை இடத்தில் எத்தனை நொடி. டாக்டர் எங்கே வலிக்குது தம்பி என்பார், நான் சொல்வேன். பிறந்தநாளுக்கு என்ன வேணும் என்று அத்தை கேட்பாள், நான் சொல்வேன். அவனுக்கும் வசதியாகப் போயிற்று, கேள்வி வந்ததும் என் முகத்தைப் பார்க்கப் பழகினான், இப்போது முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான், கேள்விகள் எல்லாம் ஹாலிலேயே பதில் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகின்றன. எனக்காக யார் பொறுத்தார்கள்? பி.ஏ. கடைசி வருஷம், பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், அடுத்த முகூர்த்தம் என்றார்கள், இருபத்தொரு வயதில் நேற்று வரைக்கும் தங்கச்சியோடு ரிப்பனுக்குச் சண்டை போட்டவள் மறுநாள் பதினோரு பேருக்கு உலை வைத்தாள். பெரிய மனுஷி ஆகிவிட்டாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஆக்கிவிட்டார்கள். நான் ரெடியா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். என்னைப் பிடித்துத் தள்ளினார்கள், அவனை நான் தள்ளவே இல்லை, தள்ளாததோடு விட்டேனா, அவன் நடக்க வேண்டிய தூரத்தையும் நானே நடந்து கொடுத்தேன். இதில் எது கொடுமை, இந்த ஞாயிறு மலர் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சுபாஷிணி. பெயரை வாய்க்குள் சொன்னாலே எனக்கு ஒரு தைரியம். ஆஸ்டல் உப்புமாவில் உப்பே கிடையாது, அதுக்கு வெறும் மான்னு பேரு வைக்கலாம் என்று எழுதுவாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு இடது முட்டி ஆபரேஷன் ஆனபோது நைட் ஷிஃப்ட் முடித்து பஸ் பிடித்து வந்து, ரெண்டு நாள் பார்த்துவிட்டு, திரும்ப நைட் ஷிஃப்டுக்கே போனாள். அந்த ரெண்டு நாளும் நான் விழித்துக் கிடந்தேன். தலையணையை முட்டிக்கு அடியில வைக்காதீங்க, கணுக்காலுக்கு அடியில வைங்க என்று எழுதினேன், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள், எங்கம்மாவுக்கும் முட்டிவலி என்று எழுதினேன், பொய்யில்லையே. கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் இவளைப் பாப்பா, பாப்பா என்று கூப்பிடுகிறானாம், ஆறு வருஷ அனுபவம் உள்ளவளை. அவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன், மறுநாள் சொல்லிவிட்டு வந்து, நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன் ஜெகன், ஆளு மூஞ்சி பேயறஞ்ச மாதிரி ஆயிட்டு என்று எழுதினாள், அன்றைக்கு நான் சமையல்கட்டில் தனியாக நின்று கைதட்டினேன். சின்ன வயதில் உப்பளத்துப் பாத்தியில் சைக்கிளோடு விழுந்து, கண், மூக்கு, வாய் எல்லாம் உப்பாக எழுந்து வீட்டுக்கு வந்ததை எழுதினேன், ஜெகன் விழுந்ததாக. விழுந்தது நான். என் முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கதையை யாரும் கேட்டதில்லை, பால்துரைக்குச் சொன்னால், சைக்கிளுக்கு என்னாச்சு என்றுதான் கேட்பார். ஒருநாள் அவள் கேட்டாள், "உங்களுக்கு எதுக்குப் பயம் ஜெகன்?" பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு எழுதினேன், "காலைல கண்ணு முழிச்சதும் இன்னைக்கு நான் எந்திரிக்கலன்னா உலகத்துல யாருக்கும் ஒரு குறையும் வராதுன்னு தெரியுற அந்த ஒரு நிமிஷத்துக்கு." எழுதி அனுப்பிவிட்டு, இது யார் எழுதியது என்று நானே பயந்துபோனேன். எனக்கா அந்த நிமிஷம்? நான் எழுந்திருக்காவிட்டால் இந்த வீட்டில் காப்பி கிடையாது. அப்படியானால் யாருடையது? அவள் அன்றைக்கு ஒரு வரிதான் அனுப்பினாள், "எனக்குத் தேவைப்படுறீங்க, நாளைக்கு எந்திரிச்சிடுங்க." நான் செத்துப்போனால் இவன் என்ன செய்வான் என்று நினைக்காத நாளில்லை. கேஸ் புக் எங்கே இருக்கிறது தெரியாது, மோட்டார் சுவிட்ச் எது தெரியாது, சாவு வீட்டில் என்ன சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும், எதுவும் தெரியாது, என் சாவுக்கு வந்தவர்களுக்கும் நானே எழுந்து பதில் சொன்னால்தான் உண்டு. அந்த வரியைப் படித்த அன்றைக்கு முதல் தடவையாகப் பயமில்லாமல் படுத்தேன். இவள் வந்துவிட்டால் போதும். இவளை இழக்க மாட்டேன். என்ன செய்தாவது.

பதினொன்று. கையைப் புளித்தண்ணீரில் கழுவினேன், நாற்றம் போகவில்லை. நேற்றே காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டேன், பன்னிரண்டு பாயிண்ட், அம்மா இடது முட்டி, அப்பா இல்லை, தம்பி கிடையாது, பாப்பா சூப்பர்வைசர், வெறும் மா, உப்பளத்தில் நீ விழுந்தது, பரீட்சைக்குப் பிட் எழுதுகிற மாதிரி. அரை மணி நேரத்தில் படித்தால் போதும், ஹலோ சொல்லட்டும், ஐந்து நிமிஷம் பேசட்டும், கூச்சம் என்று நினைத்துக்கொள்வாள், பிறகு எழுத்தில் நான் சரிசெய்து விடுவேன். கதவைத் தட்டாமல் திறந்தேன். விழித்துத்தான் இருந்தான், மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. ஏல ஜெகா, எந்திரி, பல்லு அப்புறம் விளக்கலாம், ஒரு பொண்ணு பேசப் போறா. சொல்ல ஆரம்பித்தேன். புதன்கிழமையிலிருந்து, முட்டை ஓட்டிலிருந்து, மூச்சு விடாமல், நின்றால் அவன் ஏதாவது கேட்டுவிடுவான் என்று நிற்காமல் சொன்னேன். உன் நம்பர்லயா, என் பேர்லயா என்று நடுவில் ரெண்டு தரம் கேட்டான். அப்புறம் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினான். காலண்டர் தாளைக் கொடுத்தேன். "இது இல்ல. போனு."

படித்தான். மெதுவாக, மேலே இருந்து, மிக்ஸித் திருகாணி மாதிரி ஒவ்வொன்றாக. கட்டில் விளிம்பில் நான். சீக்கிரம் பாரு, கடைசி வாரம் மட்டும் பாரு, முக்கியமானதெல்லாம் தாள்ல இருக்கு. அவன் கேட்கவே இல்லை. ஒரு இடத்தில் சிரித்தான், சத்தமாக, இந்த அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்து எத்தனை நாளாயிற்று. "என்னல சிரிக்க?" "வெறும் மா." பிறகு, "சைக்கிளோட விழுந்தது நீயாம்மா?" "நாந்தான்." "எங்கிட்டச் சொன்னதே இல்லையே." நீ எங்கே கேட்டாய் என்று வந்தது வாய்க்கு, கடித்துக்கொண்டேன். திரும்ப விரல் மேலே தள்ளியது, நின்றது, தள்ளியது. ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நின்றது. அவன் முகம் சின்னதாகிப் போனது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான், காலையில் கண் விழிக்கிற அந்த நிமிஷம். "இது உனக்கு எப்படிம்மா தெரியும்?" தெரியாதுப்பா, சும்மா எழுதினேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான், நம்பினானா இல்லையா தெரியவில்லை, அடுத்ததுக்குப் போனான், எனக்குத் தேவைப்படுறீங்க, அதைப் படித்தான், இன்னொரு தரம் படித்தான், உதடு அசைந்தது. பதினொன்று இருபத்தேழு. முழுவதும் முடித்துவிட்டான். "நல்ல பொண்ணு" என்றான். அப்பாடா, என் வயிற்றில் பால் வார்த்தான். அதான்ல, அதான், இப்ப எடுத்து ஹலோ சொல்லு, நான் ஜெகன்னு சொல்லு, நான் பக்கத்துலயே இருக்கேன், ஏதாவது கேட்டா வாயசைச்சுக் காட்டுதேன். அவன் என்னைப் பார்த்தான். எத்தனை வருஷம் கழித்து நேராக ஒரு பார்வை. "இவளுக்கு இந்த எழுத்துல இருக்கிற இவனத்தான்மா பிடிச்சிருக்கு." "இவன்னா யாருல, நீதான்." "நான் இல்ல."

அடித்தது. அவள் போட்டோவோடு, மூக்குத்தி போட்ட அந்தக் கறுத்த முகம் அவன் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே வெளிச்சம் போட்டது. அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன், ரெண்டாவது மணியிலேயே எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான், எனக்காகவா தனக்குத் துணைக்கா, தெரியவில்லை. "ஹலோ, ஜெகன்?" எழுபத்து நாலு நாள் கழித்து அந்தக் குரல், நான் நினைத்ததைவிடச் சின்னதாக, ஓடி வந்து நிற்கிறவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆமாங்க. ஜெகன்தான்." அவன் குரல் கரகரத்தது. சபாஷ், இப்படியே போ, நான் தாளை எடுத்து அவன் முன்னால் பிடித்தேன், விரலால் இடது முட்டியைத் தொட்டுக் காட்டினேன். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேளு. "ஏன் இப்படி டென்ஷனா இருக்கீங்க? எனக்கும்தான் டென்ஷன்" என்று சிரித்தாள். "இல்லைங்க, ஒண்ணு சொல்லணும்" என்றான். நான் அவன் கையைப் பிடித்தேன். வேண்டாம்ல, வேண்டாம், சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். அவன் கையை உருவிக்கொள்ளவில்லை, பிடித்தபடியே இருக்க விட்டு, சொன்னான். "உங்ககூட இத்தனை நாளாப் பேசினது நான் இல்லைங்க. எங்கம்மா. அது எங்கம்மா நம்பர். எனக்கே இப்பத்தான் தெரியும். தப்பு எங்க மேலதான்." அந்தப் பக்கம் ஆஸ்டலில் எங்கேயோ வாளியில் தண்ணீர் விழுகிறது. ஒரு நொடி, ரெண்டு, மூன்று, நாலு, நான் நடுவில் பேசிவிடுவேன், சுபாஷிணி, கேளும்மா என்று கத்திவிடுவேன், அவன் பிடி என் விரல்களை இறுக்கியது. பிறகு அவள் கேட்டாள், முன்னைவிட மெதுவாக. "அதுல ஒண்ணு... ஒண்ணே ஒண்ணாவது நீங்க சொல்லி அவங்க எழுதினதா?" கேள்வியே ஒரு கை நீட்டல்தான், பிடித்துக்கொள் என்றுதான் கேட்கிறாள். அவனிடம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், கண் விழிக்கிற அந்த நிமிஷம், அது அவனுடையதுதான், நான் வேகமாகத் தலையை ஆட்டினேன், சொல்லு, இருக்குன்னு சொல்லு, அது பொய்யே இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இல்லைங்க" என்றான். "ஒண்ணுகூட இல்ல." "சரிங்க" என்றாள். அவ்வளவுதான், திட்டவில்லை, அழவில்லை, தரம் பார்த்து ஒரு பாகத்தை ஒதுக்கி வைக்கிற மாதிரி ஒரு சரிங்க. வைத்துவிட்டாள்.

போனைத் தலையணை மேல் வைத்தான். நான் எடுத்துப் பார்த்தேன், அந்தப் போட்டோ இருந்த வட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஆள் மாதிரி ஒரு நிழல் மட்டும். இவ்வளவு சீக்கிரமா பிளாக் பண்ணுவாள்? எனக்கு ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று ஒரு வரி, நான் வாங்கிக்கொண்டிருப்பேனே. உங்கம்மா முட்டிக்கு அடுத்த மாதம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று சொன்னாயே, இனி யாரிடம் சொல்வாய்? அழுகை வந்தது, அவன் முன்னால் அழுது பழக்கமில்லை, அதனால் கோபமாக வந்தது. "ஏல, பெரிய அரிச்சந்திரனா நீ? வாழ்க்கைல ஒரு போன எடுத்துப் பேசினதில்ல, இன்னைக்குத்தான் பேசணுமா? ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போவும்? அவ இருந்திருப்பாள்ல?" அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதில் வராது என்று எனக்குத் தெரியும், இனி நான்தான் ரெண்டு பேருக்குமாகப் பேசி, ரெண்டு பேருக்குமாகச் சமாதானம் ஆகி, சட்டியை அடுப்பில் வைக்க வேண்டும். எழுந்தேன். அம்மா என்றான். திரும்பினேன். தாடைக்குள் என்னமோ அசைந்தது, சொல் வரப் பார்த்தது, நின்றது, திரும்ப வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"ஒருவாட்டி என்னைய எழுப்பி, இவகிட்ட நீ பேசுன்னு சொல்லியிருக்கலாம்லம்மா" என்றான். "எனக்கு அவளப் பிடிச்சிருக்கு."